ஸ்கைலாப் முதல் ஆதித்யா வரை

1979 ஜூலை மாதம் நம் விடுதியில் இருந்தவர்களிடம் ‘ஸ்கைலாப்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்றும் சிரித்துவிடுவார்கள். அமெரிக்காக்காரன் அனுப்பிய 75 டன் சாமான் நம் தலையில்தான் விழப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். நான் அப்போது பி.எஸ்ஸி. இயற்பியல் மூன்றாம் வருஷம். மெஸ்ஸில் பரிமாறுகிற அண்ணன், “தம்பி, நீங்க பிசிக்ஸ்தானே படிக்கிறீங்க? எங்க விழும்னு கணக்குப் போட்டுச் சொல்லக்கூடாதா?” என்று தினமும் கேட்பார். ஜூலை 11ஆம் தேதி அது இந்துமாக் கடலிலும் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பக்கத்திலும் சிதறி விழுந்தது. நாங்களும் அதை மறந்துவிட்டு உள்தேர்வுக்குப் படிக்கப் போனோம்.

அது ஏன் விழுந்தது என்பதைப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். 1973 மே மாதம் ஏவப்பட்ட ஸ்கைலாப் வெறும் விண்வெளி வீடு மட்டுமில்லை. அதன் தலையில் சூரியனைப் பார்ப்பதற்கென்றே 8 கருவிகள் கொண்ட ஒரு தொலைநோக்கி நிலையம் இருந்தது. படம் எடுத்தது ஃபிலிமில். ஃபிலிம் தீர்ந்தால் விண்வெளி வீரர்கள் வெளியே நடந்து போய்ப் பெட்டியை மாற்ற வேண்டும். கடைசிக் குழுவில் சென்ற எட்வர்ட் கிப்சன் சூரிய இயற்பியல் படித்தவர். 1974 பிப்ரவரியில் அவர்கள் திரும்பிய பிறகு நிலையம் காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்து வந்த சூரியப் புள்ளிச் சுழற்சி எதிர்பார்த்ததைவிட உக்கிரமாக இருந்தது. பூமியின் மேல் காற்று மண்டலம் சூடேறி உப்பியது. அந்தக் காற்றின் உராய்வு ஸ்கைலாபைக் கீழே இழுத்தது. எந்தச் சூரியனைப் பார்க்கப் போனதோ அந்தச் சூரியனே அதைத் தள்ளிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

சூரியனைப் பார்க்க ஆகாயத்துக்கு மேல் ஏன் போக வேண்டும், கீழே இருந்து பார்த்தால் என்ன என்று மாணவத் தம்பிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1869ஆம் வருஷ முழுக் கிரகணத்தில் சூரியனைச் சுற்றியுள்ள கரோனா ஒளியில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தவில்லை. ‘கரோனியம்’ என்று புதுப் பெயர் வைத்துப் பார்த்தார்கள். சுமார் 70 வருஷம் கழித்து க்ரோட்ரியன், எட்லென் என்ற இருவரின் ஆராய்ச்சியில் விஷயம் வெளிவந்தது. அது புதிய தனிமம் இல்லை, நம் இரும்புதான்! 13 எலெக்ட்ரான்களை இழந்த இரும்பு. இரும்பு அப்படி ஆக வேண்டுமென்றால் 10 லட்சம் டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். சூரியனின் மேற்பரப்போ சுமார் 5,500 டிகிரிதான். அடுப்பைவிட்டுத் தள்ளிப்போகப் போகச் சூடு அதிகமாவது போல! இந்தப் புதிர் இன்னும் முழுதாக அவிழவில்லை. காந்தப்புலம்தான் அந்தச் சூட்டைச் சுமந்து செல்கிறது என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள், எப்படி என்பதில்தான் சண்டை. அத்தனை சூடான வாயு தன் ஒளியை முக்கியமாக எக்ஸ்ரேயிலும் புற ஊதாவிலும் வெளியிடும். அவற்றைக் காற்று மண்டலம் தடுத்துவிடுகிறது. நமக்கு உயிர்; வானியலாருக்குத் தடை.

கீழே இருந்து ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிடக் கூடாது. சூரியப் புள்ளிகள் காந்தப் புள்ளிகள் என்று ஹேல் 1908இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே நம் கொடைக்கானலில் எவர்ஷெட், புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறமாக வாயு ஓடுவதைக் கண்டார். உலகப் பாடப் புத்தகங்களில் இன்றும் அது ‘எவர்ஷெட் விளைவு’தான். அந்த ஆய்வுக்கூடம் அங்கே வந்த கதையில் 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்கும் பங்குண்டு; சூரியனைக் கவனித்தால் மழை பொய்க்கும் காலம் முன்கூட்டித் தெரியுமா என்ற ஏக்கம் அப்போது இருந்தது. கொடைக்கானலுக்கு டூர் போகிறவர்கள் ஏரியில் படகு விட்டது போதும், அங்கேயும் ஒரு எட்டு போய்வாருங்கள்.

1980 பிப்ரவரி 14இல் ‘சோலார் மேக்ஸ்’ மேலே போனது. இரண்டு நாள் கழித்து 16ஆம் தேதி இந்தியாவில் முழுக் கிரகணம்; நம் மெஸ்ஸில் மாலைவரை அடுப்புப் பற்றவைக்கவில்லை. அந்த விண்கலம் பத்து மாதத்துக்குள் குறி வைக்கும் திறனை இழந்தது. 1984 ஏப்ரலில் சேலஞ்சர் வீரர்கள் போய்ப் பிடித்து, பழுதுபார்த்து விட்டார்கள். 1989 டிசம்பர் 2இல் அதுவும் அடுத்த சுழற்சியின் உக்கிரத்தில் எரிந்து விழுந்தது. 1991இல் ஜப்பான் அனுப்பிய ‘யோகோ’ பத்து வருஷம் எக்ஸ்ரே படம் எடுத்துக் குவித்தது. அதற்கு முடிவு வந்த விதம்தான் வேடிக்கை. 2001 டிசம்பர் 14 கிரகணத்தில் சூரியன் மறைக்கப்பட, திசை தப்பி, பாட்டரி காலியாகிப் போய்விட்டது.

இனி என் மனசுக்குப் பிடித்த கதை. சோலார் மேக்ஸ் விழுந்து சரியாக ஆறு வருஷம் கழித்து, 1995 டிசம்பர் 2இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சேர்ந்து ‘சோஹோ’வை அனுப்பின. பூமியைச் சுற்றினால்தானே காற்று இழுக்கும்? இதைப் பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, எல்-1 என்ற புள்ளியைச் சுற்ற வைத்தார்கள். அங்கே இரவும் இல்லை, கிரகணமும் இல்லை. இரண்டு வருஷம் அருமையாக வேலை செய்தது.

1998 ஜூன் 25. வழக்கமான பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. கலம் சுழல்கிறதா என்று சொல்லும் கைரோக்களில் ஒன்று, கட்டளை வரிசையில் இருந்த தவற்றால் அணைந்து கிடந்தது. அது ‘சுழற்சியே இல்லை’ என்று காட்டியது. இன்னொன்று ‘சுழல்கிறது, சுழல்கிறது’ என்று உண்மையைக் கத்திக்கொண்டிருந்தது. தரையில் இருந்தவர்கள் உண்மையைச் சொன்னதைப் பழுது என்று நினைத்து அணைத்துவிட்டார்கள். கலம் தலைசுற்றி, சூரியத் தகடுகள் வெயிலுக்குப் பக்கவாட்டில் திரும்பி, மின்சாரம் நின்று, பேச்சு மூச்சில்லை.

ஒரு மாதம் விடாமல் கூப்பிட்டார்கள். ஜூலை 23இல் போர்ட்டோ ரிக்கோவில் உள்ள அரெசிபோவின் 305 மீட்டர் தட்டிலிருந்து ரேடார் அலையை வீசி, எதிரொலியைக் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் பிடித்தார்கள். கலம் இருக்கிறது! 53 விநாடிக்கு ஒரு சுற்று. ஆகஸ்ட் 3இல் சில விநாடிகள் மட்டும் ஒரு சன்னமான சமிக்ஞை வந்தது. எரிபொருளான ஹைட்ரஸின் தொட்டியில் உறைந்து கிடந்தது. கிடைத்த சொற்ப மின்சாரத்தில் பாட்டரியை ஏற்றி, தொட்டியை உருக்கி, பிறகு குழாய்களை உருக்கி, செப்டம்பர் 16இல் மறுபடி சூரியனைப் பார்க்க வைத்தார்கள். சில கருவிகள் மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே கிடந்தவை. 12 கருவிகளும் பிழைத்தன.

கதை முடியவில்லை. டிசம்பர் 21இல் மிச்சமிருந்த ஒரே கைரோவும் போயிற்று. வேறு யாராக இருந்தாலும் “போதும்ப்பா” என்றிருப்பார்கள். இவர்கள் கைரோவே இல்லாமல் ஓட்டுவதற்கு ஒரு மென்பொருள் எழுதி, 1999 பிப்ரவரியில் மேலே அனுப்பினார்கள். பழுதுபார்க்க ஆளும் போகவில்லை, ஸ்பேனரும் போகவில்லை. 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் எல்லாம் கட்டளையாலேயே நடந்தது. இரண்டு வருஷத் திட்டம் 2020இல் 25 வருஷத்தைத் தாண்டியது. சூரியனிலிருந்து பிய்ந்து வரும் வாயு மேகங்கள் பூமியை நோக்கிக் கிளம்புவதை முன்கூட்டிச் சொல்லும் வழக்கம் இதனால்தான் வலுப்பட்டது. 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக்கில் சூரியப் புயலால் சுமார் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் மின்சாரமில்லாமல் தவித்ததை நினைத்தால் இதன் அருமை புரியும்.

2010இல் போன எஸ்.டி.ஓ., 2018இல் போன பார்க்கர் என்று பட்டியல் நீளும். பார்க்கரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. சூரியக் காற்று என்று ஒன்று உண்டு என யூஜின் பார்க்கர் 1958இல் எழுதிய கட்டுரையை மதிப்பீட்டாளர்கள் இருவரும் தள்ளிவிட்டார்கள். பத்திரிகை ஆசிரியருக்கும் அதில் நம்பிக்கை வரவில்லை. ஆனால் கணக்கில் பிழை இல்லை என்று பார்த்து வெளியிட்டார். அந்த ஆசிரியர் யார் தெரியுமா? நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர்! தன் பெயர் தாங்கிய கலம் 2018 ஆகஸ்டில் கிளம்பியதை 91 வயதில் பார்க்கர் நேரில் பார்த்தார். 2024 டிசம்பர் 24இல் அது சூரியப் பரப்புக்கு 61 லட்சம் கிலோமீட்டர் அருகில் போய்வந்தது.

2023 செப்டம்பர் 2இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் ஆதித்யா-எல்1 கிளம்பியது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டையில் அரசுப் பள்ளியில் படித்தவர். 2024 ஜனவரி 6இல் அது சோஹோ சுற்றும் அதே எல்-1 புள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பெரிய கருவியான கரோனா தொலைநோக்கியைச் செய்தது பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம், கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தை நடத்துவதும் அதே நிறுவனம்தான். சூரியனின் நடு வட்டத்தைத் தகடு போல மறைத்து, எப்போதும் கிரகணம் நடப்பதுபோல் ஆக்கிக்கொள்ளும் கருவி அது. 1869இல் சில நிமிஷம் மட்டும் காட்டிவிட்டு மறைந்த அந்த இரும்பின் பச்சைக் கோட்டைப் பிரித்துப் பார்ப்பதற்கென்றே அதில் தனியாக ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள்.