மல்ஹாலண்ட் டிரைவ்

மல்ஹாலண்ட் டிரைவ் என்பது அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்ச் (1946–2025) எழுதி இயக்கி 2001-இல் வெளிவந்த, ஹாலிவுட்டில் வாய்ப்புத் தேடித் தோற்ற ஒரு நடிகையின் பொறாமையையும் அவள் செய்வித்த கொலையையும் பொருளாகக் கொண்ட நியோ-நுவார் வகைக் குற்றத் திரைப்படமாகும். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் சாண்டா மோனிகா மலைத்தொடரின் முகட்டை ஒட்டி வளைந்து செல்லும் ஒரு சாலையின் பெயரே படத்தின் பெயராயிற்று. 1924-இல் திறக்கப்பட்ட அச்சாலை, ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீரை 1913-இல் கால்வாய் வழியே நகருக்குக் கொண்டுவந்த பொறியாளர் வில்லியம் மல்ஹாலண்டின் நினைவாகப் பெயரிடப்பட்டது. அந்த நீர் விவகாரத்தின் சாயலில் எழுதப்பட்ட சைனாடவுன் (1974) நியோ-நுவார் வகையின் தலையாய படங்களுள் ஒன்றாக எண்ணப்படுவதால், பெயரளவிலேயே இப்படத்திற்கு அவ்வகையோடு ஓர் உறவு அமைந்துவிட்டது எனலாம்.

'நுவார்' என்பது கறுப்பு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். போர்க்காலத்தில் பிரான்சுக்கு வந்து சேராதிருந்த அமெரிக்கப் படங்கள் 1946-இல் பாரிஸில் அடுத்தடுத்துத் திரையிடப்பட்டபோது, அவற்றுள் சில குற்றக்கதைகளின் இருண்ட போக்கைக் கண்ட விமரிசகர் நினோ ஃபிராங்க் அவற்றைக் 'கறுப்புப் படங்கள்' என்று குறித்தார். அவ்வாறு அழைக்கப்படுவதை அப்படங்களை எடுத்தவர்கள் அன்று அறியார். ஆணைக் குற்றத்திற்கு இழுக்கும் அழகி, நினைவிழந்த மனிதர், பின்னோக்கிச் சொல்லப்படும் கதை, சன்னல் தட்டிகளின் நிழல் விழும் அறை, தப்ப இயலாத ஊழ் ஆகியவை இவ்வகையின் பொதுக்கூறுகள். 1950-களின் இறுதியோடு இதன் முதற்காலம் முடிந்ததாகக் கொள்வது வழக்கம். அதன்பின், குறிப்பாக 1970-களிலிருந்து, இக்கூறுகளை அறிந்தே எடுத்தாண்ட படங்கள் நியோ-நுவார், அதாவது புது நுவார், எனப்படுகின்றன. மல்ஹாலண்ட் டிரைவில் இக்கூறுகள் பெரும்பாலும் இடம்பெற்றாலும், அழகியின் வலையில் சிக்குபவர் ஆணல்லர், மற்றொரு பெண். பழைய படங்களில் பின்னோக்குக் காட்சி செய்த வேலையை இங்கே கனவு செய்கிறது. இதில் வரும் நினைவிழந்த ஒரு பெண் ரீட்டா என்ற பெயரை ரீட்டா ஹேவர்த் நடித்த கில்டா (1946) படத்தின் சுவரொட்டியைப் பார்த்துச் சூட்டிக்கொள்வதும், பில்லி வைல்டரின் சன்செட் பூலவார்டில் (1950) வரும் பாரமவுண்ட் நிறுவனத்தின் வாயில் இதிலும் வருவதும் இயக்குநர் தம் முன்னோர்க்குச் செலுத்திய வெளிப்படையான வணக்கங்கள்.

இப்படத்தின் பிறப்பு வரலாறு அதன் வடிவத்தை விளக்கும் திறவுகோலாதலின் விரிவாகக் கூறத்தக்கது. லிஞ்ச் 1990–91-இல் ஏபிசி தொலைக்காட்சிக்காக மார்க் ஃபிராஸ்டுடன் உருவாக்கிய ட்வின் பீக்ஸ் தொடரின் ஆட்ரி ஹார்ன் என்ற இளம்பெண் ஹாலிவுட்டுக்குச் செல்வதாக ஒரு கிளைத்தொடர் அந்நாளிலேயே பேசப்பட்டுக் கைவிடப்பட்டது. அதன் எச்சமாகிய கருவை ஏபிசி 1990-களின் இறுதியில் ஏற்று, ஒரு 'பைலட்', அதாவது தொடரைத் தொடங்கலாமா என்று முடிவுசெய்வதற்காக முதலில் எடுக்கப்படும் மாதிரி அத்தியாயம், தயாரிக்கப் பணம் கொடுத்தது. 1999-இன் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட அந்த அத்தியாயம் நிறுவனத்தாருக்குப் பிடிக்கவில்லை. கதை மிக மெதுவாக நகர்கிறது என்பது முதல், ஒரு பாத்திரம் புகைபிடிக்கிறது என்பது வரை பல குறைகள் கூறப்பட்டன. நியூயார்க்கர் இதழில் டாட் ஃபிரண்ட் அதே ஆண்டில் எழுதிய நீண்ட கட்டுரையால், ஒரு தொலைக்காட்சி நிறுவனம் ஒரு கலைஞரின் படைப்பை எவ்வாறு கையாளும் என்பதற்கு இந்நிகழ்வு நன்கு பதிவுபெற்ற சான்றாக நிலைத்துவிட்டது. ஏபிசி அதை ஒளிபரப்பவேயில்லை.

அதன்பின் பிரான்சின் பியேர் எடல்மன் முயற்சியால் ஸ்டூடியோ கனால் நிறுவனம் உரிமைகளைப் பெற்று, மேலும் பணம் இட்டு அதை முழுநீளப் படமாக்க முன்வந்தது. அமெரிக்கர் கைவிட்டதைப் பிரெஞ்சுப் பணம் முடித்துவைத்ததால் இதைச் சுயேச்சைப் படம் என்றே வகுக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு பெருநிறுவனத்தின் கிளை வெளியிட்டது என்பது அதன் தயாரிப்பு இயல்பை மாற்றாது. எனினும் பணம் வந்த வேளையில் அரங்குகள் பிரிக்கப்பட்டிருந்தன. தொடராக வளரும் நோக்குடன் திறந்தவாறு விடப்பட்ட கதைக்கு முடிவும் இல்லை. ஒரு மாலை தியானத்தில் அமர்ந்தபோது முடிவுக்கான கருத்துகள் வந்து சேர்ந்தன என்று லிஞ்ச் பின்னர் கூறினார். 2000-இல் புதிய காட்சிகள் எடுக்கப்பட்டன.

கதை இரு பகுதிகளால் ஆனது. சாலை விபத்தொன்றில் உயிர்பிழைத்து நினைவிழந்த ஒரு பெண் (லாரா ஹேரிங்) ஒரு வீட்டில் ஒளிந்துகொள்ள, கனடாவின் டீப் ரிவர் என்ற சிற்றூரிலிருந்து நடிகையாகும் ஆசையுடன் வந்திறங்கிய பெட்டி (நவோமி வாட்ஸ்) அவளுக்கு உதவுகிறாள், இருவரும் காதலராகின்றனர். இதனூடே, ஓர் இளம் இயக்குநர் (ஜஸ்டின் தெரூ) தம் படத்திற்கு இன்ன நடிகையைத்தான் எடுக்க வேண்டும் என்று இனந்தெரியாத சக்திகளால் மிரட்டப்படுகிறார். இரண்டு மணி நேரத்தை நெருங்குகையில் ஒரு நீலப்பெட்டி திறக்கப்பட, அனைத்தும் மாறுகிறது: பெட்டி இப்போது டயான், சிறு வேடங்களில் காலந்தள்ளும் தோல்வியுற்ற நடிகை; நினைவிழந்தவள் கமிலா, அவளைக் கைவிட்டு அந்த இயக்குநரை மணக்கவிருக்கும் நட்சத்திரம். டயான் கூலிக்கொலையாளி ஒருவனை அமர்த்துகிறாள். வேலை முடிந்ததற்கு அடையாளமான நீலச்சாவி வந்து சேர்ந்தபின் தன்னையே சுட்டுக்கொள்கிறாள்.

முதற்பகுதி டயானின் கனவு, இரண்டாவது அவளது நனவு என்று கொள்ளலாம். நனவில் உணவகப் பணிப்பெண்ணின் சட்டையில் காணப்படும் பெட்டி என்ற பெயரைக் கனவில் டயான் தனக்கு எடுத்துக்கொள்கிறாள். தான் இழந்த காதலியைத் தன்னையே நம்பியிருப்பவளாகவும், தன் திறமையின்மையை நடிப்புத் தேர்வொன்றில் பெறும் வியக்கத்தக்க வெற்றியாகவும் மாற்றிக்கொள்கிறாள். பைலட்டில் பின்னர்த் தொடரும் என எண்ணி விடப்பட்ட துப்பறிவாளர்களும், உணவகத்தின் பின்புறம் பதுங்கியிருக்கும் பயங்கர உருவமும் படத்தில் விளக்கமின்றி விடப்படுவதைக் குறையெனச் சொன்னவர் உண்டு. ஆனால் எந்தக் கனவும் தான் தொடங்கியதை எல்லாம் முடித்துவைப்பதில்லை. தொடராக வளர்ந்திருந்தால் அத்துண்டுகள் வெறும் கதைமுடிச்சுகளாகவே கழிந்திருக்கும். பெட்டியும் நினைவிழந்த பெண்ணும் செல்லும் சிலென்சியோ என்ற அரங்கின் காட்சி இக்கனவின் உச்சம்: இசைக்குழு இல்லை, எல்லாம் ஒலிநாடா என்று அறிவிக்கப்பட்ட பின்னும், ராய் ஆர்பிசன் பாடலின் ஸ்பானிய வடிவத்தைப் பாடும் ரெபெக்கா டெல் ரியோ மேடையில் சரிந்து விழ, குரல் மட்டும் தொடர்கிறது, அது பொய் என்று அறிந்திருந்தும் அழுதுகொண்டிருந்த இரு பெண்களைப் போலவே பார்வையாளரும் ஏமாறுகின்றனர்.

ஒளிப்பதிவு பீட்டர் டெமிங், படத்தொகுப்பு மேரி ஸ்வீனி, கலை இயக்கம் ஜாக் ஃபிஸ்க். இசையமைத்த ஆஞ்சலோ பாடலமென்டி, காப்பியைத் துணியில் துப்பும் முதலாளியாகவும் நடித்தார். பழைய இசைப்படங்களின் நட்சத்திரமான ஆன் மில்லருக்கு இதுவே இறுதிப் படம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து பல ஆண்டுகள் வாய்ப்பின்றி அலைந்த நவோமி வாட்ஸ் இதன் வழியே உலகப் புகழ் பெற்றார். அவர் நடித்த பாத்திரத்திற்கு வாய்க்காதது அவருக்கு வாய்த்தது.

2001 கான் விழாவில் சிறந்த இயக்குநர் பரிசை லிஞ்ச், மற்றொரு நியோ-நுவார் படத்தை எடுத்த ஜோயல் கோயனுடன் பகிர்ந்துகொண்டார்; ஆஸ்கர் விருதுக்கும் இயக்குநராகப் பரிந்துரைக்கப்பட்டார். 2016-இல் பிபிசி நடத்திய விமரிசகர் வாக்கெடுப்பில் இது இந்நூற்றாண்டின் சிறந்த படமாகவும், 2022-இல் சைட் அண்ட் சவுண்ட் இதழின் பட்டியலில் எக்காலத்துக்குமான படங்களுள் எட்டாவதாகவும் இடம்பெற்றது. முதலில் வெளிவந்த டிவிடி-யில் காட்சிக்குக் காட்சி தாவ உதவும் பிரிவுகளை லிஞ்ச் அமைக்கவில்லை. மாறாக, புதிரை அவிழ்க்க 10 குறிப்புகளை ஒரு தாளில் அச்சிட்டு இணைத்தார்.