சிவப்பு வீடு
சுவர்கள் சொல்லும் வரலாறு - 12

1859-ல் ஆங்கிலக் கலைஞர் வில்லியம் மாரிஸுக்கு வயது 25. ஜேன் பர்டனை மணந்த கையோடு, குடியிருக்க ஒரு வீடு கட்ட முடிவு செய்தார். அந்தப் பொறுப்பைத் தன் நண்பர் பிலிப் வெப்பிடம் ஒப்படைத்தார். ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட் என்ற கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் இருவரும் பழகியவர்கள். தனியாகத் தொழில் தொடங்கிய வெப்புக்கு இதுதான் முதல் வேலை. லண்டனுக்குத் தென்கிழக்கே, அன்றைய கென்ட் மாவட்டத்துப் பெக்ஸ்லிஹீத்தில், பழமரங்கள் நின்ற ஒரு தோப்பில் 1860-ல் வீடு எழுந்தது. செங்கல்லும் செந்நிற ஓடுமாக நின்றதால் அதற்கு 'ரெட் ஹவுஸ்' என்று பெயர்.

அன்றைய லண்டனில் வசதி படைத்த பலரின் வீடுகளிலும் அடியில் செங்கல்தான் இருந்தது. ஆனால் அதன் மேல் சாந்து பூசி, கோடு கீறி, கல் கட்டடம் போலக் காட்டிக்கொண்டார்கள். 1784 முதல் செங்கல்லுக்கு வரி இருந்தது. 1850-ல்தான் அது நீங்கியது. மறு ஆண்டே ஜன்னல் வரியும் ஒழிந்தது. செங்கல்லும் வெளிச்சமும் வரியிலிருந்து விடுபட்ட அந்தக் காலத்தில்தான் வெப் பென்சிலைக் கையில் எடுத்தார்.

அவர் பூச்சை ஒதுக்கினார். முகப்பின் சமச்சீரையும் விட்டார். 'ட' வடிவில் மடங்கும் வீட்டின் நடுமுற்றத்தில் ஒரு கிணறு. அதற்குக் கூம்பு வடிவ ஓட்டுக்கூரை. வீட்டின் ஜன்னல்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. உள்ளே இருக்கும் அறைக்கு எது தேவையோ, அதுவே வெளியே ஜன்னலாகத் தெரிகிறது. நடைகூடத்துக்கு வட்ட ஜன்னல். அறைகளுக்கு உயரமான செவ்வக ஜன்னல். செவ்வக ஜன்னல்களின் தலைக்கு மேல் கூர்மையான செங்கல் வளைவு நின்று, மேல்சுவரின் பாரத்தை இருபக்கமும் இறக்குகிறது. அழகுக்கென்று ஒட்டவைத்தது அல்ல அது. சுவரைத் தாங்கும் உறுப்பு. வரவேற்பறையின் கணப்பு அடுப்பைக்கூட வெப் பூச்சில்லாத செங்கல்லாகவே உத்தரம் வரை எழுப்பினார். விருந்தினர் அமரும் அறைக்குள் கொத்தனாரின் கைவேலைக்குக் கிடைத்த மரியாதை அது.

குறையும் உண்டு. முக்கிய அறைகள் வடக்கு நோக்கியவை. குளிர்காலத்தில் வெயில் எட்டாது. கடைகளில் விற்ற மேசை நாற்காலிகள் இந்தச் சுவர்களுக்குப் பொருந்தவில்லை. அதனால் நண்பர்களே வடிவமைத்தார்கள், வண்ணம் தீட்டினார்கள். ஓவியர்கள் ரோசெட்டியும் பர்ன்-ஜோன்ஸும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அந்தக் கூட்டுழைப்பிலிருந்தே 1861-ல் மாரிஸின் அலங்காரப் பொருள் நிறுவனம் பிறந்தது. கைவினைக்கு உரிய இடம் கேட்ட ஓர் இயக்கம் அதைத் தொடர்ந்து வளர்ந்தது.

மாரிஸ் இங்கே வாழ்ந்தது ஐந்தே ஆண்டுகள். 1865-ல் வீட்டை விட்டுக் கிளம்பினார். 1877-ல் அவரும் வெப்பும் சேர்ந்து பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். பழைய சுவரைச் சுரண்டிப் புதிதாக்காதீர்கள், பழுது பார்த்துக் காப்பாற்றுங்கள் என்றது அச்சங்கம். செங்கல்லைச் செங்கல்லாகவே நிற்கவிட்டவர்கள் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்? 2003 முதல் ரெட் ஹவுஸ் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பராமரிப்பில் இருக்கிறது. மாளிகைகளை மட்டுமல்ல, ஓர் இளம் தம்பதியின் செங்கல் வீட்டையும் ஒரு நாடு தன் மரபுச் சொத்தாகப் பேணுவது சரியான செயல்.

(அடுத்த வாரம்: ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் செங்கல் புகைபோக்கிகள்)