ஆயாவும் 365 படிகளும்

இன்னைக்கு எபிசோடு வரலாறுதான். ஆனா ஆரம்பிக்கிறது எங்க வீட்டு பாத்ரூமிலிருந்து.

என் ஆயா திருத்தணிக்காரர். அங்கே டிசம்பர் 31-ல் படித் திருவிழா. வருஷத்தின் நாட்களுக்குக் கணக்காக மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள். புத்தாண்டன்று வெள்ளைக்கார துரைகளைப் போய்ப் பார்க்கும் வழக்கத்துக்குப் பதிலாக முருகனைப் பார்க்கட்டும் என்று வள்ளிமலை சுவாமிகள் தொடங்கி வைத்தது என்பார்கள். எழுபது தாண்டியும் ஆயா அந்தப் படிகளை ஏறினார்.

ஒருநாள் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியல. ஆனா நாங்க பயந்துட்டோம். "ஆயா, இனிமே நீ உக்காரு, எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்"னு சொன்னது நான்தான். ஆறே மாசத்தில், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து அவரால் எழ முடியல.

நான் செய்த தப்பு என்னன்னு வரலாறு படிச்சப்பதான் புரிஞ்சது. கண், உள்காது, பாதம் மூன்றும் அனுப்பும் தகவலைச் சேர்த்து மூளை நம்மை நிமிர்த்தி வைக்கிறது. பழக்கம் விட்டால் அது மங்கும். 1940-களில் பிரிட்டனில், தலையில் அடிபட்டுத் தலைசுற்றலோடு வந்த சிப்பாய்களை டெரன்ஸ் காதோர்ன், குக்சி என்ற இரு மருத்துவர்கள் படுக்கவைக்கவில்லை. தலையைத் திருப்பு, குனிந்து நிமிர், பந்தை எறி, படி ஏறி இறங்கு என்றார்கள். அசைந்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள்.

அடுத்த பெரிய அடி நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில். 80 வயதும் அதற்கு மேலும் ஆன 233 பெண்கள். பாதிப் பேருக்கு வீட்டிலேயே கால் வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி. 1997-ல் முடிவு வெளியானது: ஒரு வருஷத்தில் பயிற்சி செய்தவர்கள் பக்கம் 88 விழுதல்கள், மற்றவர்கள் பக்கம் 152.

பிசியோதெரபிஸ்ட் ஆயாவுக்குச் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதம் ஒட்டி நடப்பது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. பக்கத்தில் ஒருத்தர் நிற்கணும். அந்த வேலை என்னுடையது.

போன டிசம்பரில் என் தோளைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு படி ஏறினார். "மாசத்துக்கு ஒண்ணு, இந்த வருஷக் கணக்கு முடிஞ்சுது நைனா" என்றார்.

உங்க வீட்டிலும் யாரையாவது அன்போட உட்கார வைச்சிருக்கீங்களா? டாக்டரைக் கேட்டுட்டு, மெதுவா எழுப்புங்க.