வாசல் ஒரு தேசம், சந்நிதி ஒரு தேசம்

ஒரு வீட்டை இரண்டு பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்கும்போது கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளைகூடத் திணறிப்போகும் இடம் ஒன்று உண்டு. அறைகளைப் பிரித்துவிடலாம், தோட்டத்தை அளந்து கல் நட்டுவிடலாம். ஆனால் கூடம் தம்பிக்கு, கூடத்துக்குப் போகும் ரேழி அண்ணனுக்கு என்று பத்திரம் எழுதிவிட்டால் என்ன ஆகும்? அண்ணனும் தம்பியும் ஒற்றுமையாக இருக்கும் வரையில் ஒன்றும் ஆகாது. மனஸ்தாபம் வந்த அன்றைக்குத்தான் ரேழிக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் உண்டு என்பது இருவருக்கும் ஞாபகம் வரும்.

தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் நடுவே அப்படிப் பாகம் பிரிந்த கோயில் ஒன்று இருக்கிறது. கம்போடியர்கள் அதைப் பிரேயா விஹார் என்கிறார்கள். தாய்லாந்துக்காரர்கள் பிர விஹான் என்கிறார்கள். இரண்டு பெயரிலும் நமக்குத் தெரிந்த ‘விஹாரம்’ ஒளிந்துகொண்டிருக்கிறது. டாங்ரெக் மலைத்தொடரின் உச்சியில், கம்போடியச் சமவெளிக்கு மேலே 525 மீட்டர் உயரத்தில், பதினோராம் பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் முதலாம் சூரியவர்மனும் இரண்டாம் சூரியவர்மனும் பெரிதாகக் கட்டிய சிவாலயம் அது. சுவாமிக்குப் பெயர் சிகரேசுவரர். மலையுச்சிக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்! ஒன்றன் பின் ஒன்றாக ஐந்து கோபுர வாசல்கள். அவற்றை இணைக்கும் படிகளும் நடைபாதைகளும் சுமார் 800 மீட்டர் நீளத்துக்கு ஏறிக்கொண்டே போகின்றன. நாகங்கள் படமெடுத்துக் காவல் இருக்கின்றன. ஒரு வாசலின் மேல் பாற்கடல் கடையும் காட்சி செதுக்கியிருக்கிறது.

கெமர் அரசர்களின் கோயில்கள் பெரும்பாலும் கிழக்குப் பார்த்தவை. இது மட்டும் வடக்குப் பார்த்தது. காரணம் மலைதான். வடக்கே சரிவு இதமாக இறங்குகிறது. தெற்கே மூலஸ்தானத்துக்குப் பின்னால் ஒரே செங்குத்துப் பாறை. கட்டியவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே ராஜ்யம். ஆகவே ஏறச் சௌகரியமான பக்கத்தில் படி வைத்தார்கள். அந்தப் படிகள் இறங்கி முடிகிற நிலம் பிற்காலத்தில் வேறொரு தேசம் ஆகும் என்று எந்தச் சிற்பி கண்டான்?

அப்படி ஆக்கினது ஐரோப்பியர் வருகை. 1893-ல் பிரெஞ்சுப் பீரங்கிக் கப்பல்கள் சாவ் பிரயா நதியில் ஏறிப் பாங்காக் வரை வந்து நின்றன. சயாம் தேசம் அன்று முதல் பயத்தோடு பேரம் பேசி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, சுதந்திரத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டது. 1904-ல் இரு தரப்பும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, டாங்ரெக் மலையில் மழைநீர் எங்கே இரண்டாகப் பிரிந்து ஓடுகிறதோ அதுவே எல்லை. வடக்கே ஓடுகிற நீர் சயாமுக்கு. தெற்கே ஓடுகிற நீர் பிரெஞ்சுக்காரர்களுக்கு. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அளந்து படம் வரைந்தவர்கள் பிரெஞ்சு அதிகாரிகள். சயாமிடம் அந்த வேலைக்குத் தேர்ந்தவர்கள் இல்லை. ஆகவே நீங்களே வரைந்து கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டது. வந்த படத்தில் கோயில் பிரெஞ்சுப் பக்கத்தில் இருந்தது.

படம் பாங்காக் வந்து சேர்ந்தபோது உள்நாட்டு மந்திரி இளவரசர் டாம்ராங். பெரிய அறிவாளி; சயாமியச் சரித்திரத்தின் தந்தை என்று அந்த நாட்டார் கொண்டாடுகிறவர். அவர் என்ன செய்தார்? பிரெஞ்சுத் தூதருக்கு வந்தனம் சொல்லி, மாகாண அதிகாரிகளுக்குக் கொடுக்க ஒவ்வொன்றிலும் இன்னும் 15 பிரதிகள் வேண்டும் என்று எழுதினார்.

அதோடு போயிருந்தாலும் பாதகமில்லை. 1930-ல், மந்திரி பதவியெல்லாம் விட்டுப் பழம்பொருள் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த டாம்ராங், கோயில்களைப் பார்த்துக்கொண்டே பிரேயா விஹாருக்கும் வந்தார். பக்கத்துக் கம்போடிய மாகாணத்தின் பிரெஞ்சு அதிகாரி அங்கே பிரெஞ்சுக் கொடியைப் பறக்கவிட்டு, அவரை எதிர்கொண்டு வரவேற்று உபசரித்தார். இளவரசரும் மரியாதையை ஏற்றுக்கொண்டார். ஊர் திரும்பியதும் அங்கே எடுத்த போட்டோக்களை அனுப்பி நன்றியும் தெரிவித்தார். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். பீரங்கிக் கப்பலை மறக்காத தேசம் அது. முறைத்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் நிலம் போகும் என்ற பயம். ஆனால் விருந்தாளி என்று ஒருவர் ஆகிவிட்டால், உபசரித்தவர் வீட்டுக்காரர் ஆகிவிடுகிறார் அல்லவா?

கம்போடியா 1953-ல் சுதந்திரம் பெற்றது. பிரெஞ்சுக்காரர் போன கையோடு, 1954-ல் தாய்லாந்து தன் காவலர்களைக் கோயிலில் கொண்டுவந்து நிறுத்தியது. 1959-ல் வழக்கு ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1962 ஜூன் 15-ந் தேதி தீர்ப்பு: ஒன்பது நீதிபதிகள் கம்போடியா பக்கம், மூவர் எதிர்ப்பக்கம். மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற ஆராய்ச்சிக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. படத்தை வாங்கிக்கொண்டீர்கள், இத்தனை வருஷம் ஆட்சேபிக்கவில்லை, உங்கள் இளவரசரை இன்னொருவர் உபசரித்தபோதும் வாய் திறக்கவில்லை, ஆகவே எல்லையை ஒப்புக்கொண்டீர்கள் என்றது. ஒரு யாத்திரிகனின் சம்பிரதாயமான நன்றிக் கடிதம் ஒரு மலைச் சிகரத்தின் உரிமை வழக்கில் சாட்சி ஆன கதை இது. ஒரு தேசத்து எல்லையில் கைகுலுக்குவதுகூடச் சாமானிய விஷயம் அல்ல.

தாய்லாந்தில் கொதிப்பு. 1962 ஜூலையில் அவர்களுடைய படை கோயிலை விட்டு இறங்கியது. ஆனால் கொடியை இறக்க மனம் வரவில்லை. பறக்கிற கொடியைக் கம்பத்தோடு பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போய், தங்கள் பக்கத்துப் பாறையில் நட்டார்கள்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இந்தச் சரித்திரத்திலேயே பிடித்த கட்டம். 1963 ஜனவரியில் கம்போடியா கோயிலை முறைப்படி ஏற்றுக்கொண்டது. ரேழி வழியாக வர முடியாது. இரு நாட்டுக்கும் தூது உறவே 1961-ல் முறிந்துவிட்டது. ஆகவே இளவரசர் சிஹனூக் தெற்கே செங்குத்தான பாறைப் பக்கமாகவே, ஒரு மணி நேரத்துக்குள், ஏறி வந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது. ஏறக்குறைய ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள். பிக்ஷுக்களுக்குக் காணிக்கை செலுத்திவிட்டு அவர் ஓர் அறிவிப்புச் செய்தார்: தாய்லாந்து மக்கள் யாரும் விஸா இல்லாமலே இந்தக் கோயிலுக்கு வரலாம், இங்கிருந்து எடுத்துப்போன பழம்பொருள்களையும் அவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

இந்த வார்த்தையின் கனத்தை உணர வேண்டுமானால் விஸா என்பது என்ன என்று யோசிக்க வேண்டும். பாஸ்போர்ட் நம் சர்க்கார் நமக்காகச் சொல்லும் வார்த்தை: ‘இவன் எங்கள் ஆள்.’ விஸா அடுத்த சர்க்கார் சொல்லும் வார்த்தை: ‘இவன் வரலாம்.’ முன்னதை நம் ஊரில் வரிசையில் நின்று வாங்கிவிடலாம். பின்னதை வழங்குகிறவன் வீட்டுக்காரன். அதை விட்டுக்கொடுக்கவும் வீட்டுக்காரனால்தான் முடியும். சிஹனூக் ஒரே வாக்கியத்தில் பெருந்தன்மையையும் காட்டினார். வீடு யாருடையது என்பதையும் சொல்லிவிட்டார்.

அந்த வாசல் வெகுகாலம் திறந்திருக்கவில்லை. 1970-ல் கம்போடியாவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. 1975 ஏப்ரலில் நாம்பென் நகரம் கெமர் ரூஜ் கையில் விழுந்த பிறகும், குடியரசுப் படையின் மிச்சம் இந்த மலையுச்சியில் மே மாதம் வரை தாக்குப்பிடித்தது. அப்புறம் இருட்டு.

1979 ஜூன் மாதத்தில் அதே வடக்குப் படிக்கட்டுப் பக்கம் மனிதர்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் வந்தன, நூற்றுக்கணக்கில். அவர்கள் யாத்திரிகர்கள் அல்ல. போல் பாட்டின் ஆட்சி கவிழ்ந்த குழப்பத்தில் உயிர் பிழைக்கத் தாய்லாந்துக்குள் ஓடிவந்த கம்போடிய அகதிகள். தாய்லாந்து அரசாங்கம், இவர்களை வைத்துக்கொள்ள எங்களால் ஆகாது என்று முடிவு செய்துவிட்டது. சில வெளிநாட்டுத் தூதரகங்கள் அவசரம் அவசரமாகச் சுமார் 1,200 பேரைப் பொறுக்கி எடுத்துக் காப்பாற்றின. மற்றவர்களை, 40,000-க்கும் மேற்பட்டவர்களை, மலையின் தெற்குச் சரிவில் இறங்கச் சொல்லித் துப்பாக்கி முனையில் விரட்டினார்கள். கீழே கண்ணிவெடி புதைத்த காடு. திரும்பி ஏற முயன்றவர்களைச் சுட்டார்கள். இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள் என்பது மதிப்பீடு. பதினாறு வருஷத்துக்கு முன் ஓர் இளவரசர் வேர்க்க விறுவிறுக்க ஏறி வந்து, ‘எல்லோரும் வரலாம்’ என்று சொன்ன அதே மலை.

விஸா, பாஸ்போர்ட், முத்திரை என்று நாம் சலித்துக்கொள்கிறோம். சலித்துக்கொள்ள முடிகிறதே, அதுவே ஒரு பாக்கியம். ‘இவன் எங்கள் ஆள்’ என்று சொல்ல ஒரு சர்க்கார் இல்லாதவனுக்கு எல்லை எப்படிப்பட்டது என்பதை அந்தப் பாறைச் சரிவு காட்டிற்று. அந்த வருஷம் உலகம் அதட்டியது; ஜெனீவாவில் மகாநாடு கூடிற்று; தாய்லாந்தும் மனம் மாறி, அக்டோபரில் அகதிகளுக்குக் கதவைத் திறந்தது. நவம்பரில் காவ்-இ-டாங் முகாம் எழுந்தது. ஜூனில் இறங்கினவர்களுக்கு அது உதவவில்லை.

கெமர் ரூஜின் கடைசிப் பெரும் படைப்பிரிவு 1998 டிசம்பரில் இந்தக் கோயிலில்தான் சரணடையப் பேசி முடித்தது. அதன் பிறகு பத்து வருஷம் ஒரு விசித்திரமான ஏற்பாடு நடந்தது. தாய்லாந்துப் பக்கத்திலிருந்து வருகிறவர் அங்கே தேசியப் பூங்காவுக்கு ஒரு டிக்கெட் வாங்குவார். கொஞ்சதூரம் நடந்து ஒரு கதவைத் தாண்டிக் கம்போடியருக்கு ஒரு டிக்கெட் வாங்குவார். விஸா கிடையாது. பகலில் ஏறி மாலைக்குள் இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். படிக்கட்டில் கம்போடியக் குழந்தைகள் தபால் கார்டு விற்றார்கள். 2003-ல் கம்போடியா தன் பக்கத்திலிருந்தும் மலைமேல் சாலை போட்டுவிட்டது. ஆனாலும் கூட்டம் பழைய ரேழி வழியாகத்தான் வந்தது. கோயில் யாருடையது என்பதைப் பற்றி அந்தப் பத்து வருஷமும் ஒருவரும் பெரிதாகச் சண்டை போடவில்லை.

சண்டையை மறுபடி மூட்டியது ஒரு கௌரவம். கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரிக்கும்படி கம்போடியா யுனெஸ்கோவைக் கேட்டது. கோயில் சரி, அதைச் சுற்றியுள்ள 4.6 சதுர கிலோமீட்டர் நிலம் யாருடையது என்று பாங்காக்கில் கிளர்ச்சி கிளம்பியது. 2008 ஜூனில் எல்லைக் கதவு அடைபட்டது. ஜூலையில் அங்கீகாரம் கிடைத்தது. அதற்கு உடன்பட்ட தாய்லாந்து வெளிநாட்டு மந்திரி பதவி இழந்தார். மலைமேல் படைகள் ஏறின.

இதில் வேடிக்கை ஒன்றைப் பாருங்கள். 2006-ல் தென்கிழக்கு ஆசிய நாடுகள் கூடி, ஒருவர் நாட்டுக்கு மற்றவர் குடிமக்கள் 14 நாட்கள் விஸா இன்றி வந்துபோகலாம் என்று ஓர் உடன்படிக்கை செய்தன. அதன்படி தாய்லாந்தும் கம்போடியாவும் 2010 டிசம்பரில் விஸாவை ரத்து செய்தன. அதே டிசம்பர் மாதக் கடைசியில், எல்லை எங்கே என்று சோதித்துப் பார்க்க வயலில் நடந்து போன ஏழு தாய்லாந்துக்காரர்களைக் கம்போடியா கைது செய்தது. ஒருவர் பார்லிமெண்ட் அங்கத்தினர். இன்னொருவருக்கு உளவுக் குற்றத்துக்காக எட்டு வருஷச் சிறை விதித்தார்கள். 2014-ல்தான் மன்னித்து விட்டார்கள். சோதனைச்சாவடி வழியாகப் போனால் விருந்தாளி. நூறு கெஜம் தள்ளி வயல் வழியாகப் போனால் உளவாளி. 2011 பிப்ரவரியில் கோயிலைச் சுற்றி நான்கு நாட்கள் பீரங்கி முழங்கிற்று. விஸா ரத்து மட்டும் ரத்தாகவில்லை!

2013 நவம்பரில் ஹேக் நீதிமன்றம் மறுபடி தீர்ப்பளித்தது: கோயில் நிற்கும் மலைமுனை முழுவதும் கம்போடியாவைச் சேர்ந்தது. உரிமை இன்னும் தெளிவாயிற்று, வாசல் திறக்கவில்லை. தாய்லாந்துப் பக்கத்து யாத்திரிகர் மோ ஈ டேங் பாறையில் நின்று தூரதிருஷ்டிக் கண்ணாடியில் கோபுரத்தைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. நேரில் பார்க்க வேண்டுமானால் மேற்கே அன்லாங் வெங் பக்கத்துக் கணவாய் வரை சுற்றிப் போய், இங்கே வெளியேறும் முத்திரை, அங்கே நுழையும் முத்திரை வாங்கி, மலையின் மறுபக்கமாக ஏற வேண்டியிருந்தது. 2025 ஜூனில் அந்தச் சாவடிகளும் யாத்திரிகர்களுக்கு மூடப்பட்டன. ஜூலையில் ஐந்து நாளும், மறுபடி டிசம்பரிலும் யுத்தம். இரு பக்கமும் லட்சக்கணக்கான ஜனங்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். டிசம்பர் 27-ந் தேதி போர் நிறுத்தம் கையெழுத்தாயிற்று.

வழக்கு, படம், மழைநீர், தீர்ப்பு எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு இந்த நூற்றிருபது வருஷத்தைக் கணக்குப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. எல்லைக் கோடு ஒருநாளும் இந்தக் கோயிலைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றியதெல்லாம், வருகிறவனைப் பார்த்து ‘ஏறி வா’ என்று யாராவது சொன்ன சில வருஷங்கள்தாம். தபால் கார்டு விற்ற அந்தக் குழந்தைகளுக்கு இப்போது கல்யாண வயது வந்திருக்கும். வடக்குப் படிகளில் கடைசியாக யாத்திரிகர் கூட்டம் ஏறியதை அவர்கள் தங்கள் குழந்தைகளுக்குக் கதையாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.