கம்போங் புவா பாலா: ஜாதிக்காய்க் கம்பம்

பினாங்கு, ஜார்ஜ்டவுனுக்குத் தெற்கே குளுகோரில் இருந்த தமிழர் குடியிருப்பு கம்போங் புவா பாலா. 'புவா பாலா' என்றால் மலாயில் ஜாதிக்காய். பிரவுன் குடும்பத்தின் தோட்டத்தில் வேலை செய்த தமிழர்களின் சந்ததியினர் தலைமுறைகளாக இங்கு வாழ்ந்தனர். பலகை வீடு, மாட்டுத் தொழுவம், ஆட்டுப்பட்டி, பால் வியாபாரம் என்று நகருக்கு நடுவே கிராமமாகவே அது நிலைத்தது. மாடுகள் மேய்ந்த இடம் என்பதால், அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பெயரால் 'ஹை சப்பரால்' என்றும் அழைத்தனர்.

சுற்றிலும் அடுக்குமாடிகள் எழ, நிலத்தின் விலை ஏறியது. மாநில அரசு நிலத்தை அரசு அதிகாரிகள் கூட்டுறவுக் கழகத்திற்குக் கொடுத்தது; மேம்பாட்டு நிறுவனம் ஒன்று கட்டுமானத்திற்கு வந்தது. பிரவுன் குடும்பம் தங்களுக்கென விட்ட நிலம் இது என்று குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் சென்றனர். 2009 ஜூனில் கூட்டரசு நீதிமன்றத்திலும் வழி கிடைக்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன.

பலருக்கு இழப்பீடாக இரண்டு மாடி வரிசை வீடு வழங்க ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் வரிசை வீட்டில் தொழுவத்திற்கு இடமில்லை. எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும் கையில் நிலப்பட்டா வேண்டும் என்பதே இந்தக் கம்பம் விட்டுச்சென்ற பாடம்.