நாய்க்கு ஒரு கரை, பூனைக்கு ஒரு கரை

பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டு மாதக்கணக்கில் கரையோரமாகப் பயணம் செய்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் வீட்டில் வளர்த்த நாயையோ பூனையையோ உறவினரிடம் விட்டுவிட்டுப் போவதில்லை, கூடவே ஏற்றிக்கொண்டு போகிறார்கள். இந்த வாழ்க்கையைப் பற்றிப் பேச்செடுத்தால், படகு எத்தனை அடி நீளம், நாய் எந்த இனம், அலையில் அதற்குக் குமட்டுமா என்பதெல்லாம் முதலில் வரும். கரை கடைசியில்தான் வரும். என் பார்வையில் அதுதான் முதலில் வர வேண்டும். நங்கூரம் போட்ட இடத்துக்கு எதிரே தெரியும் மணலில் அந்த விலங்கு கால் வைக்கலாமா கூடாதா என்பதைப் பொறுத்துத்தான் படகின் அன்றாடம் அமைகிறது. இரண்டு கடற்கரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

ஒன்று, அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டிச் செல்லும் உள்நாட்டு நீர்வழி. வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக்கில் அதன் பூஜ்ய மைல் தொடங்குகிறது, மயாமி வரை சுமார் 1,090 மைல். இன்னொன்று, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரை. பிரிஸ்பேனிலிருந்து புறப்பட்டு, பெருந்தடுப்புப் பவளத்திட்டின் உட்புறமாக வடக்கே கெய்ர்ன்ஸ், அதற்கும் அப்பால் லிசார்ட் தீவு வரை போகிறவர்கள் உண்டு. இரண்டும் புயலுக்கு ஒதுங்கும் பயணங்கள். அமெரிக்கக் கரையில் ஹரிக்கேன் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. அது தணியத் தொடங்கி வடக்கே குளிரும் ஏறும்போது படகுகள் தெற்கே இறங்குகின்றன, ஏப்ரல், மே வாக்கில் திரும்புகின்றன. குயின்ஸ்லாந்தில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். அது முடிந்ததும் தென்கிழக்குக் காற்று சீராக வீசத் தொடங்கும். அந்தக் காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு மே மாதத்தில் வடக்கே போகிறார்கள். இந்த அளவுக்கு இரண்டும் ஒரே மாதிரி. படகில் ஒரு நாய் இருந்துவிட்டால் இரண்டுக்கும் இடையில் பெரிய தூரம் விழுந்துவிடுகிறது.

அமெரிக்க நீர்வழி பெரும்பாலும் திறந்த கடல் கிடையாது. ஆறுகள், வெட்டிய கால்வாய்கள், மணல்தீவுகளுக்குப் பின்னால் கிடக்கும் காயல்கள் என்று ஒன்றோடொன்று தொடுத்துச் செல்கிறது. பாய்மரப் படகானாலும் இங்கே பெரும்பாலான நேரம் இயந்திரத்தில்தான் ஓடும். பல இடங்களில் ஆழமும் குறைவு, பாலங்களும் அடிக்கடி குறுக்கிடும். அதனால் இருட்டில் பெரும்பாலோர் ஓட்டுவதில்லை. மாலையானால் எங்காவது நிறுத்தியாக வேண்டும். இந்தக் கட்டாயம்தான் நாய்க்குக் கிடைத்த வரம். காலையில் ஒரு கரை, மாலையில் ஒரு கரை, நாய் தன் பழைய பழக்கத்திலேயே இருக்கலாம். டிஸ்மல் சதுப்புக் கால்வாய் வழியாகப் போனால் வட கரோலினாவின் வரவேற்பு மையத் துறையிலேயே படகைக் கட்டிவிட்டுக் கால்வாயோரப் பாதையில் நடத்திக் கூட்டிப் போகலாம். போஃபர்ட் ஊருக்கு எதிரே ரேச்சல் கார்சன் பெயரிலுள்ள காப்பகத் தீவுகளில் காட்டுக் குதிரைகள் மேய்கின்றன. வாரைக் கையில் பிடித்திருக்கும் வரை அங்கேயும் நாய் இறங்கத் தடையில்லை. ஜார்ஜியாவின் கம்பர்லண்ட் தீவு இன்னும் ஒரு படி மேல். அது தேசியக் கடற்கரைக் காப்பகம். அங்கே போகும் பயணிகள் படகில் செல்லப் பிராணிகளை ஏற்ற மாட்டார்கள். ஆனால் சொந்தப் படகில் வந்த நாய், 6 அடிக்கு மேற்படாத வாரோடு, கருவாலி மரங்களின் நிழலில் நடக்கலாம். நீரில் வாழ்கிற நாய்க்கு நிலத்தில் வாழ்கிற நாயைவிடக் கூடுதல் உரிமை கிடைக்கும் அபூர்வமான இடம் அது.

இதை வைத்து அந்தக் கரை சுலபமானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கரை கிடைக்கிறது என்பதாலேயே ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது கரைக்குப் போய்த் தீர வேண்டியிருக்கிறது. மழை கொட்டினாலும், காற்று எதிர்த்து அடித்தாலும், விடியுமுன் டிங்கி என்ற சிறு ரப்பர் படகை இறக்கி, நாய்க்கு மிதவைச் சட்டை மாட்டி, அதன் முதுகுப் பிடியில் தூக்கி உள்ளே வைத்துத் துடுப்புப் போட வேண்டும். ஜார்ஜியாவில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 7 முதல் 9 அடி வரை வித்தியாசம் உண்டு. மாலையில் புல் மேட்டைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீர் மறுநாள் காலையில் வெகுதூரம் உள்வாங்கிப் போயிருக்கும். நடுவே முழங்கால் புதையும் சேறு, சேற்றுக்குள் பாதத்தைக் கிழிக்கும் சிப்பி ஓடுகள். வட கரோலினாவிலிருந்து ஃபுளோரிடா வரை நன்னீர் ஓரங்களில் அலிகேட்டர் முதலைகளும் உண்டு, நீர்விளிம்பில் நிற்கும் நாயை அவை இரையாகவே பார்க்கும். எந்த இடத்தில் நங்கூரம் போடுவது என்பதைக் காற்றும் ஆழமும் தீர்மானிப்பதற்கு முன்பே நாயின் வயிறு தீர்மானித்துவிடுகிறது. பாதுகாப்பான ஒதுக்கிடத்தைத் தாண்டி, மணல் தெரிகிற ஒரே காரணத்துக்காக மோசமான இடத்தில் சில படகுகள் இரவைக் கழிப்பது இதனால்தான்.

குயின்ஸ்லாந்துக்கு வருவோம். பிரிஸ்பேனை விட்டு வடக்கே போனால் முதல் பெரிய ஒதுக்கிடம், கிகாரி தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே கிடக்கும் கிரேட் சாண்டி நீரிணை. ஃப்ரேசர் தீவு என்று முன்பு அழைக்கப்பட்ட கிகாரியில் டிங்கோ என்ற காட்டு நாய்கள் வாழ்கின்றன. வீட்டு நாயோடு அவை கலந்துவிடக் கூடாது, நோயும் தொற்றக் கூடாது என்பதால் செல்லப் பிராணிகளுக்கு அங்கே இடமில்லை. அதற்கும் வடக்கே லேடி மஸ்கிரேவ் போன்ற பவளத் தீவுகள். அவற்றுக்கும் அப்பால் 74 தீவுகள் கொண்ட விட்சண்டே கூட்டம், வெண்மணலுக்குப் பெயர்போன ஒயிட்ஹேவன் கடற்கரை, கடைசியில் லிசார்ட் தீவு. இவற்றில் பெரும்பகுதி தேசியப் பூங்கா. நாய் படகில் இருப்பதற்குத் தடையில்லை. பூங்காத் தீவின் கடற்கரையில் இறங்குவதற்குத்தான் தடை. பிடிபட்டால் அபராதம்.

இந்தத் தடையை நொந்துகொள்ளும் படகுக்காரர்கள் நிறையப் பேர். வாரில் கட்டிய ஒரு நாய் பத்து நிமிடம் மணலில் நடந்தால் என்ன கெட்டுவிடும் என்பது அவர்கள் வாதம். அந்தப் பவளத் தீவுகளின் மண்ணைத் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். அங்கே அடர்ந்து நிற்பது பிசோனியா மரம். நம் ஊர் வீடுகளில் இலச்சைகெட்ட கீரை என்று வளர்க்கிறோமே, அதே இனம். அதன் கிளைகளில் கரும் ஆலாக்கள் இலைகளை ஒட்டி ஒட்டிக் கூடு கட்டுகின்றன. மரத்தடியில் ஆப்புவால் கடற்பறவைகள் மணலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகின்றன. மேலே நடந்தாலே சரிந்து மூடிக்கொள்ளும் வளைகள் அவை. கோடையில் கடலாமைகள் ஏறி வந்து முட்டை புதைக்கின்றன. தரையில் ஓடிப் பிடிக்கிற விலங்கைப் பார்த்தே பழகாத உயிர்கள் இவை. ஒரு நாயின் மோப்பமும் ஒரு குரைப்பும் அடைகாக்கும் பறவையை எழுப்பிவிடப் போதும், வெயிலில் கிடக்கும் முட்டைக்கு அதுவே முடிவு. அதனால் தடை சரி என்றே நினைக்கிறேன். இருட்டிய பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் நாயை இறக்கி ஏற்றுவதை ஒரு சாமர்த்தியமாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் மீது எனக்கு மதிப்பில்லை.

தடையை ஏற்றுக்கொண்டால் மீதி இருப்பது ஒரே வழி. நாய் படகிலேயே மலஜலம் கழிக்கப் பழக வேண்டும். வீட்டை அசுத்தம் செய்யக் கூடாது என்று குட்டியிலிருந்து படித்த பிராணிக்கு இது சாதாரண விஷயமில்லை, படகுதான் அதற்கு வீடு. பழகாத நாய் ஒரு பகல், ஓர் இரவு முழுக்க அடக்கிக்கொண்டு தவிக்கும். பழக்குகிறவர்கள் ஒரு துண்டு செயற்கைப் புல்லை வாங்கி, முதலில் தரையில், நாய் வழக்கமாகப் போகும் இடத்தில் விரிக்கிறார்கள். அதன் வாடையே அதில் ஊறிய பிறகு படகின் முன்தளத்துக்குக் கொண்டு போகிறார்கள். ஒரு மூலையில் துளையிட்டுக் கயிறு கட்டினால் கடலில் போட்டு அலசி எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லைச் சொல்லி, முடித்ததும் பாராட்டித் தின்பண்டம் கொடுக்க வேண்டும். வாரக்கணக்கில் பொறுமை வேண்டும், அதுவும் புறப்படுவதற்கு முன்பே. லேடி மஸ்கிரேவின் பவள வளையத்துக்குள் நங்கூரம் போட்ட பிறகு இந்தப் பாடத்தைத் தொடங்குவது நாய்க்குச் செய்யும் கொடுமை.

வேறு விதத்திலும் இந்தக் கரை கடினமானது. காயலின் அமைதி இங்கே கிடையாது. 15 முதல் 25 நாட் வேகம் வரை காற்று அடிக்கும், படகு சாய்ந்துகொண்டே போகும். வழவழப்பான தரையில் நாயின் நகம் பிடிக்காது, வழுக்காத விரிப்பு வேண்டும். தளத்தைச் சுற்றியுள்ள கம்பிகளில் வலை கட்ட வேண்டும். 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிதண்ணீர் தேவை, வெயிலில் இன்னும் கூடும். தொட்டியின் கணக்கில் அதையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். பெருநிலத்து ஊர்களில் நாயை நடத்திப் போக இடங்கள் உண்டு. ஆனால் கிளாட்ஸ்டனுக்கு வடக்கே நீரோரத்தில் செம்மூக்கு முதலையை எதிர்பார்த்தே நிற்க வேண்டும். 1974 முதல் குயின்ஸ்லாந்தில் பாதுகாக்கப்பட்டு வரும் இனம் அது. அமெரிக்க அலிகேட்டரைவிடப் பெரியது, உப்புநீரிலும் தாராளமாக நீந்தும்.

இதுவரை நாயைப் பற்றியே பேசினேன். பூனையை வைத்துப் பார்த்தால் இந்த ஒப்பீடு அப்படியே தலைகீழாகிறது. மணல் பெட்டி ஒன்று இருந்தால் பூனைக்குக் கரையே தேவையில்லை. குயின்ஸ்லாந்தின் தடை அதை உறுத்துவதே இல்லை. கரை எட்டாத தூரத்தில், நங்கூரத்தில் ஆடும் படகு ஒரு பூனைக்கு எல்லைகள் தெரிந்த, அந்நியர் வராத வீடு. அமெரிக்க நீர்வழியில்தான் அதற்கு ஆபத்து. படகுத்துறையில் கட்டியவுடன் இரவில் ஒரே தாவலில் துறைப்பலகை, அங்கிருந்து பக்கத்துப் படகு, அதற்கப்பால் தெரு. ரக்கூன்கள் திரியும் கரை அது. அமெரிக்கக் காடுகளில் ரக்கூனிடம் வெறிநோய் உண்டு, ஆஸ்திரேலியாவில் நிலவிலங்குகளிடம் அந்த நோயே இல்லை. விடிந்ததும் பாலம் திறக்கும் நேரத்துக்குப் புறப்பட வேண்டும், பூனையைக் காணவில்லை என்றால் அன்றைய பயணம் நின்றது. நாய்க்கு இதமான கரை பூனைக்குப் பொல்லாததாகவும், நாயை ஒடுக்கும் கரை பூனைக்கு ஏற்றதாகவும் இருப்பதை, இரண்டையும் சேர்த்து வளர்க்க நினைப்பவர்கள் முதலிலேயே யோசிக்க வேண்டும்.

குயின்ஸ்லாந்துக் கரையின் முதல் தேர்ந்த வரைபடக்காரர்களில் ஒருவர் பூனையோடுதான் வந்தார் என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. மேத்யூ ஃபிளிண்டர்ஸ் 1802 ஜூலையில் சிட்னியிலிருந்து இன்வெஸ்டிகேட்டர் கப்பலில் வடக்கே புறப்பட்டு ஆஸ்திரேலியாவைச் சுற்றி வந்தபோது, ட்ரிம் என்ற பூனையும் உடன் இருந்தது. அதற்கு முன்பே வேறொரு கப்பலில் பிறந்த பூனை அது. குட்டியாக இருந்தபோது கடலில் விழுந்து, நீந்தி, போட்ட கயிற்றைப் பற்றி மேலே ஏறிவிட்டது என்று ஃபிளிண்டர்ஸ் எழுதி வைத்திருக்கிறார். மொரீஷியஸில் பிரெஞ்சுக்காரர்களிடம் கைதியாக இருந்த காலத்தில் ட்ரிம் காணாமல் போனது. அதன் நினைவாக அவர் ஒரு நீண்ட அஞ்சலியே எழுதினார். சிட்னியின் மிட்செல் நூலகச் சன்னல் திட்டில் இன்று ட்ரிமுக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. பூனை வைத்திருக்கும் படகுகளின் பின்புறத்தில் தடித்த கயிறோ பழைய கம்பளத் துண்டோ நீரைத் தொடும்படி தொங்குவதைப் பார்க்கலாம். விழுந்த பூனை நகம் பதித்து ஏறுவதற்காக, ட்ரிம் ஏறியது போலவே.

இனி, இரண்டில் எது என்று யாராவது கேட்டால் விலங்கின் வயதைத்தான் முதலில் கேட்பேன். இடுப்பு வலுவிழந்த, பழக்கங்கள் இறுகிப்போன கிழட்டு நாய்க்கு அமெரிக்க நீர்வழியே நல்லது. தரையைத் தொடாமல் அது வாழக் கற்காது, கற்கச் சொல்வதும் நியாயமில்லை. இளம் நாய்க்குக் குயின்ஸ்லாந்து முடியாத காரியமில்லை, உடையவர் முன்கூட்டியே உழைத்திருந்தால். அங்கே தேறிய நாய் எந்தக் கடலுக்கும் போகும். அமெரிக்க நீர்வழியில் மட்டுமே வளர்ந்த நாய், கரையில்லாத முதல் இரவிலேயே திணறும்.

மருத்துவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதிலும் இரண்டு கரைகளும் வேறுபடுகின்றன. அமெரிக்க நீர்வழியில் அநேகமாக எல்லா நிறுத்தத்துக்கும் அருகே ஒரு சாலையும் ஊரும் உண்டு. அங்கே பெரிய கவலை கொசுவால் வரும் இதயப்புழு. அதற்கு மாதம் தவறாமல் மாத்திரை கொடுத்தால் போதும். குயின்ஸ்லாந்தின் தீவுகளுக்கு இடையே இருக்கும்போது கால்நடை மருத்துவரை எட்ட ஒன்றிரண்டு நாள் பாய் ஓட்ட வேண்டியிருக்கலாம். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில்தான் முடக்கும் உண்ணி இருக்கிறது. புதரோரம் நடந்து வந்த நாயின் மேல் ஏறி ஒட்டிக்கொள்ளும். சில நாளில் பின்னங்கால்கள் தள்ளாடும், குரைப்பு மாறும், பிறகு மூச்சே திணறும். நஞ்சுமுறி மருந்தை விரைவில் செலுத்தாவிட்டால் நாய் செத்துப்போகும். அதனால் பெருநிலத்து ஊரில் நாயை இறக்கிய ஒவ்வொரு முறையும், படகு ஏறியதும், காதின் உட்புறம், கழுத்துப் பட்டையின் அடி, கால்விரல் இடுக்கு, வாலடி என்று உடம்பு முழுதும் விரலால் தடவிப் பார்த்துவிட வேண்டும். உண்ணித் தடுப்பு மாத்திரை கொடுத்திருந்தாலும் இதை விடக் கூடாது. அடுத்த நீண்ட பாய்ச்சலுக்கு நங்கூரத்தைத் தூக்குவதற்கு முன் இன்னொரு முறை தடவிப் பார்ப்பதும் நல்லது.