குவாண்டம் காலப் பொதுத்திறவி மறையாக்கம்

எவரும் அறிந்த திறவியால் பூட்டி, உரியவரின் இரகசியத் திறவியால் மட்டும் திறக்கும் முறை பொதுத்திறவி மறையாக்கம். 1977இல் உருவான ஆர்.எஸ்.ஏ., பேரெண்களைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பதன் கடினத்தை நம்பியுள்ளது. போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணினி அதை உடைக்கும் வழியை 1994இல் பீட்டர் ஷோர் காட்டினார். இன்று திருடிச் சேமித்த செய்தியை அத்தகைய கணினி வந்ததும் படிக்கலாம் என்பதால், மாற்றம் இப்போதே தேவை. 2024இல் அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட், குவாண்டம் கணினியாலும் உடைக்கக் கடினமான புதிய மறையாக்கத் தரமுறைகளை வெளியிட்டது.

பொதுத்திறவி மறையாக்கத்தின் வேர் எண் கோட்பாடு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் 1941 வரை பணியாற்றிய எஸ். எஸ். பிள்ளை, எண்களை ஒரே படி அடுக்குகளின் கூட்டலாக எழுதுவது பற்றிய வாரிங் சிக்கல் ஆய்வால் அத்துறையில் உலகப்புகழ் பெற்றவர். குவாண்டம் தொழில்நுட்பத்தை வளர்க்க, இந்தியா 2023இல் ரூ.6,003.65 கோடியில் தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் குவாண்டம் தகவல்தொடர்பு மையத்தைச் சென்னை ஐஐடி நடத்துகிறது.